ஃபேடுக்குப் பிறகு என்ன வாசித்தார்கள்?

பாட்டு முடியப்போகிறது, ஒலி தேய்கிறது (இதைத்தான் ஃபேட் என்கிறார்கள்) என்று தெரிந்ததும் வால்யூமைக் கூட்டுகிறவர்கள் ஒரு தனி ரகம். நானும் அந்த ரகம்தான். எழுபதுகளின் அமெரிக்க சோல், டிஸ்கோ பாட்டுகளில் பாதிக்கு மேல் முடிவதே இல்லை. டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், பாடுகிறவர் அப்போதுதான் சூடு பிடித்து எழுதி வைக்காத வரிகளை எல்லாம் பாட ஆரம்பித்திருப்பார். அந்த நேரம் பார்த்து மிக்ஸிங் மேஜையில் யாரோ ஒருவர் ஒலியைக் கீழே இறக்கிவிடுவார். ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டால் கடைசி இரண்டு விநாடியில் பேஸ்காரர் புதிதாக ஒன்றை வாசிக்கத் தொடங்குவதுகூடச் சில பாட்டுகளில் கேட்கும். அதற்கப்புறம் என்ன வாசித்தார்?

இந்தக் கேள்வியோடு காத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய ஆல்பம் ஒன்று மறுவெளியீடாக வருகிறது என்றால் இவர்கள் முதலில் பார்ப்பது விலையை அல்ல. பாடல் பட்டியலில் எங்காவது 'இதுவரை வெளிவராதது' என்று போட்டிருக்கிறதா என்றுதான் கண் ஓடும். பெரும்பாலும் இருக்காது. 7 அங்குலத் தட்டில் வந்த சின்ன வடிவம், 12 அங்குலத் தட்டில் வந்த பெரிய வடிவம், அதன் குரலில்லாத வடிவம் என்று மூன்றைச் சேர்த்திருப்பார்கள். மூன்றும் ஏற்கெனவே கையில் இருக்கும். அப்படியும் வாங்குவோம். அடுத்த தடவையாவது வரும் என்று ஒரு நம்பிக்கை.

ஆனால் 'வெளிவராத நீண்ட மிக்ஸ்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அன்றைக்கே மிக்ஸ் செய்து முடித்து, அதாவது தனித்தனியாகப் பதிவானவற்றைக் கலந்து ஒரே பாட்டாக்கி, ஏதோ காரணத்தால் அலமாரிக்குப் போனவை உண்டு. மிக்ஸே செய்யப்படாமல் வெறும் பதிவாக மட்டும் இருப்பவை உண்டு. இரண்டாவதை முதலாவது என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்த ரசிகர்களுக்குப் பாதி ஏமாற்றம் வருகிறது என்பது என் கட்சி.

முதலில், பாட்டை ஏன் மூன்று நிமிடத்தில் தேய்த்தார்கள்? நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் 7 அங்குலத் தட்டில் இடம் அவ்வளவுதான். அதற்கு மேல் நீட்டினால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், நெருக்கினால் ஒலியின் அளவைக் குறைக்க வேண்டும், முதலில் பலியாவது பேஸ். ஜூக்பாக்ஸில் அடுத்த காசு விழ வேண்டும். ரேடியோக்காரருக்கு விளம்பரம் போட வேண்டும். ஆனால் ஸ்டுடியோவில் வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. தாளம் பிடித்துவிட்டால் ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கே வெட்டுவது என்பது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சமாச்சாரம்.

வெட்டினால் என்ன போகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஹெரால்ட் மெல்வின் அண்ட் த புளூ நோட்ஸ் 1975-இல் வெளியிட்ட 'பேட் லக்'. ஆல்பத்தில் ஆறு நிமிடத்துக்கும் மேல். பாட்டு என்று எழுதப்பட்டது பாதியிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் பாடகர் டெடி பெண்டர்கிராஸ் தேவாலயத்துப் பிரசங்கியார் மாதிரி பேசவும் கத்தவும் ஆரம்பிக்கிறார். பேப்பரைப் புரட்டுகிறார், பதவி விலகிய ஜனாதிபதி வருகிறார், நாட்டு நடப்பு வருகிறது. நிக்ஸன் போய் ஓராண்டுகூட ஆகாத நேரம். சின்ன வடிவத்தை மட்டும் கேட்டவருக்கு இது காதலில் அடிபட்ட ஒருவனின் பாட்டு. முழுசையும் கேட்டவருக்கு அது அந்த ஆண்டின் அமெரிக்கா.

இந்தப் பாட்டு ஃபிலடெல்ஃபியாவில், சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது. ஜோ டார்சியா 1968-இல் தொடங்கிய ஸ்டுடியோ அது. கென்னி கேம்பிள், லியோன் ஹஃப் இருவரும் 1971-இல் ஆரம்பித்த ஃபிலடெல்ஃபியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் பாட்டுகளுக்கு அதுதான் வீடு. எம்எஃப்எஸ்பி என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள் அங்கே வந்துபோனார்கள். டிரம்ஸில் எர்ல் யங். 1973-இல் வந்த 'த லவ் ஐ லாஸ்ட்' பாட்டில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டைத் திறந்து மூடி அவர் அடித்த விதம்தான் பிறகு டிஸ்கோவின் அடையாளமாகவே ஆகிப்போனது.

அங்கே வேலை நடந்த முறையைத் தெரிந்துகொண்டால் ஃபேடுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். முதலில் டிரம்ஸ், பேஸ், கிதார், கீபோர்டு, காங்கோ ஆகியவை சேர்ந்து வாசித்துப் பதிவாகும். குரல் தனியாக. வயலின் கூட்டமும் பித்தளை ஊதுகுழல்களும் அதற்கு மேல் இன்னொரு நாள். வயலின்காரர்களுக்கு இத்தனை அளவை என்று எண்ணி எழுதிய தாள் கையில் இருக்கும், தாள் முடிந்தால் வாசிப்பும் முடிந்துவிடும். எனவே ஃபேடைத் திறந்து பார்த்தால் உள்ளே முழு ஆர்கெஸ்ட்ரா காத்துக்கொண்டு இருக்காது. தாள வாத்தியக்காரர்கள் நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு வாசிப்பது இருக்கலாம். அப்புறம் ஒருவர் தாளம் தப்புவார், நிறுத்துவார்கள், யாராவது ஏதாவது சொல்வார்கள். எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் 'பிரமாண்டமான எட்டு நிமிடம் ஒளிந்திருக்கிறது' என்று நினைக்கிறவர் கேட்டால் ஏமாந்துபோவார்.

அன்றைக்கே வெளிவந்த நீண்ட வடிவங்களும் டேப்பில் கிடந்ததை அப்படியே திறந்துவிட்டவை அல்ல. அவை வேலைப்பாடு. இதில் டாம் மோல்டனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

மோல்டன் ஸ்டுடியோ ஆள் கிடையாது. இசைத்தட்டு நிறுவனங்களில் விற்பனை வேலை பார்த்துவிட்டு மாடலாகப் போனவர். நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் ஐலண்டில் ஆடிக்கொண்டிருந்த கூட்டம், ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில் தாளம் மாறியதும் தளத்தை விட்டு இறங்குவதைப் பார்த்தார். இறங்க விடாத மாதிரி ஒரு டேப்பை ஒட்டித் தயாரித்தார். அங்கிருந்து ஸ்டுடியோவுக்குள் வந்தார். 1974-இல் பி.டி. எக்ஸ்பிரஸ் குழுவின் 'டூ இட்' பாட்டை மூன்று நிமிடத்திலிருந்து கிட்டத்தட்ட ஆறு நிமிடமாக்கினார். குழுவுக்கு அது பிடிக்கவில்லையாம். பாட்டு பெரிய வெற்றி அடைந்த பிறகு, டிவியில் கேட்டபோது, நாங்கள் அப்படித்தான் பதிவு செய்தோம் என்று சொல்லிவிட்டார்களாம். மோல்டன் பல பேட்டிகளில் சொல்லிச் சொல்லி அலுக்காத கதை இது.

அதே ஆண்டு டான் டவுனிங்கின் 'ட்ரீம் வேர்ல்ட்'. அந்தப் பாட்டு நடுவில் ஸ்ருதி ஏறும். ஏறிய இடத்திலிருந்து பழைய பகுதிக்குத் திரும்பி ஒட்டினால் காதில் இடிக்கும். மோல்டன் என்ன செய்தார் என்றால், ஸ்ருதி உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடுவில் தாள வாத்தியங்களை மட்டும் ஓடவிட்டார். கொஞ்ச நேரம் அப்படி ஓடினால் காது பழைய ஸ்ருதியை மறந்துவிடும், அப்புறம் முதலிலிருந்து தொடங்கலாம். ஒரு இக்கட்டைச் சமாளிக்கச் செய்த வேலை 'டிஸ்கோ பிரேக்' என்று பெயர் வாங்கிக்கொண்டது. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காபி குடிக்கப் போகாதவர்களுக்கு இதன் ருசியை நான் விளக்க வேண்டியதில்லை.

1975 தொடக்கத்தில் குளோரியா கேனரின் 'நெவர் கேன் சே குட்பை' ஆல்பம். முதல் பக்கத்தில் மூன்று பாட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று கோத்து 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதைக் கேட்ட பாடகி, நான் அதிகம் பாடவே இல்லையே என்று மனம் வருந்தினாராம். வருத்தம் நியாயமானதே. நீண்ட மிக்ஸில் நீள்வது பாடகரின் நேரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பல சமயம் பாடகர் ஓரமாக நின்று காங்கோ வாசிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

12 அங்குலத் தட்டு பிறந்ததும் இதே மனிதரை ஒட்டித்தான். அல் டவுனிங்கின் 'ஐ'ல் பீ ஹோல்டிங் ஆன்' பாட்டுக்குச் சோதனைத் தட்டு வெட்டப் போனார். வெட்டுகிற ஹோஸே ரோட்ரிகஸிடம் 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. 10 அங்குலத்தில் வெட்டலாம் என்றார். அவ்வளவு பெரிய தட்டில் இத்தனூண்டு பள்ளம் வேடிக்கையாக இருக்கிறதே என்று மோல்டன் சொல்ல, பள்ளங்களை அகலப் பரப்பி, ஒலி அளவையும் ஏற்றி வெட்டினார்கள். பேஸ் வந்த விதத்தைக் கேட்டபின் யாரும் பழைய அளவுக்குத் திரும்ப நினைக்கவில்லை. 10 அங்குலம் பிறகு 12 ஆனது. முதலில் டிஜேக்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். கடையில் விற்பனைக்கு வந்த முதல் 12 அங்குலம் 1976-இல் சால்சோல் நிறுவனம் போட்ட டபுள் எக்ஸ்போஷரின் 'டென் பர்சென்ட்'. மிக்ஸ் செய்தவர் வால்டர் கிப்பன்ஸ், நியூயார்க்கின் கேலக்ஸி 21 கிளப்பில் டிஜே. மூன்று நிமிடச் சொச்சம் ஒன்பது நிமிடத்தைத் தாண்டியது.

கிப்பன்ஸின் வேலைகளில் என்னை இன்னும் அசைப்பது 1977-இல் லொலியாட்டா ஹாலோவேயின் 'ஹிட் அண்ட் ரன்' பாட்டுக்குச் செய்தது. மல்டிட்ராக் டேப்பையே அவர் கையில் கொடுத்தார்கள். ஒரு டிஜேயிடம் அதைக் கொடுப்பது அன்று நடக்காத காரியம். மல்டிட்ராக் என்றால் குரல் ஒரு தடத்தில், பேஸ் இன்னொன்றில், ஸ்னேர் வேறொன்றில் என்று 16 அல்லது 24 தடங்கள் தனித்தனியாக இருக்கும் இரண்டு அங்குல அகல டேப். கிப்பன்ஸ் பாட்டில் எழுதி இருந்த சரணங்களைப் பெருமளவு தூக்கி எறிந்துவிட்டார். கடைசியில் ஹாலோவே மனம்போன போக்கில் பாடியதை, முனகியதை, கத்தியதை எடுத்து நடுவில் வைத்தார். 11 நிமிடம். வழக்கமாக ஃபேடுக்குப் பலியாகும் பகுதிதான் அங்கே பாட்டு ஆனது.

அதாவது, நாம் கொண்டாடும் நீண்ட மிக்ஸ்கள் எல்லாம் அந்தந்த நேரத்தில் அந்தந்த ஆள் எடுத்த முடிவுகள். அப்படி ஒரு ஆள் அன்றைக்கு உட்காராத பாட்டுக்கு 'தொலைந்துபோன நீண்ட மிக்ஸ்' என்று ஒன்று கிடையாது. தேடினாலும் கிடைக்காது.

மிக்ஸ் செய்து முடித்து ஒதுக்கியவை என்ற வகை வேறு. அதற்கு எனக்குத் தெரிந்து ஆகச் சிறந்த உதாரணம் எழுபதுகளைக் கொஞ்சம் தாண்டி 1980-இல் நடந்தது. மோட்டவுன் நிறுவனம் டயானா ராஸுக்கு ஆல்பம் செய்ய ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரையும் அழைத்தது. அவர்கள் பதிவு செய்து, மிக்ஸும் செய்து கொடுத்தார்கள். ராஸுக்கு அது திருப்தி தரவில்லை. மோட்டவுன் எஞ்சினியர் ரஸ் டெரானாவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி மிக்ஸ் செய்தார். வெளிவந்தது அதுதான். 'அப்சைட் டவுன்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் இருவருக்கும் கோபம். ஷீக் மிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்ற செய்தி மட்டும் ரசிகர்களுக்குள் 23 ஆண்டு சுற்றிக்கொண்டிருந்தது. 2003-இல் டீலக்ஸ் பதிப்பில் முழுசாக வந்தது.

எது நல்லது? ராஸ் வெளியிட்டது இறுக்கமானது, குரல் முன்னால் நிற்கும், ரேடியோவுக்கென்றே செய்தது. ஷீக் மிக்ஸ் நிதானமானது. கிதாரும் பேஸும் பேச இடம் இருக்கும், குரல் கொஞ்சம் பின்னால் நின்று குழுவில் ஒருவராகிவிடும். நான் அதிகம் கேட்பது ஷீக் மிக்ஸை. ஆனால் நான் ராஸ் இடத்தில் இருந்திருந்தால், அட்டையில் என் முகத்தைப் போட்டுவிட்டு இதை வெளியிடச் சம்மதித்திருக்க மாட்டேன். ராஸ் செய்தது அகங்காரம் என்று சொல்லும் ரசிகர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

இதே இருவர் 1981-இல் பாடகர் ஜானி மேதிஸுக்கு ஒரு முழு ஆல்பம் செய்தார்கள். கொலம்பியா நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டது. சில பாட்டுகள் 2010-இல் ஷீக் தொகுப்பு ஒன்றில் தலைகாட்டின. 'ஐ லவ் மை லேடி' முழுசாக வந்தது 2017-இல், மேதிஸின் பெரிய பெட்டித் தொகுப்பு ஒன்றுக்குள். காத்திருந்தவர்களுக்குத் திருவிழாதான். கேட்டபின், ஏன் கிடப்பில் போட்டார்கள் என்பதும் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. மேதிஸின் பட்டுக் குரலும் அந்த வெட்டும் கிதாரும் பல இடங்களில் அறிமுகமில்லாத இரண்டு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் என்ன, வந்ததே நல்லது.

இந்த இரண்டும் அலமாரியில் இருந்தவை. கிளப்களில் மட்டும் வாழ்ந்தவற்றின் கதை இன்னும் சிக்கல். நியூயார்க் டிஜேக்கள் பாட்டை டேப்பில் எடுத்து, பிளேடால் வெட்டி, பிசின் நாடாவால் ஒட்டி, நீட்டிய வடிவத்தை அசிடேட் தட்டில் வெட்டி வைத்துக்கொள்வார்கள். பிராட்வேயில் இருந்த சன்ஷைன் சவுண்ட் இதற்குப் பேர்போன இடம். அசிடேட் மென்மையான பூச்சு. ஓட்ட ஓட்டத் தேயும், சில இரவுகளில் இரைச்சல் ஏறிவிடும். 84 கிங் ஸ்ட்ரீட்டில் 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லாரி லெவன் ஓட்டியவற்றில் எத்தனை இப்படிப்பட்டவையோ. அவர் 1992-இல் இறந்தார், கிப்பன்ஸ் 1994-இல். 1979-இல் கராஜில் பதிவான லெவனின் ஓர் இரவு 2000-இல் ஆல்பமாக வந்தபோது, அதில் பாட்டுகள் நீளும் விதத்தைக் கேட்டு, இன்னும் இருக்கும் என்று எல்லோருக்கும் ஆசை கூடியது.

அதிர்ஷ்டமுள்ள ஒன்று உண்டு. டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்' பாட்டுக்கு சான்பிரான்சிஸ்கோவின் பேட்ரிக் கௌலி 1978-இல் செய்த வடிவம். மல்டிட்ராக் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிவந்த பாட்டையே வெட்டி ஒட்டிச் சுழலவிட்டு, மேலே தன் சின்தசைசரை வாசித்து 15 நிமிடத்துக்கு மேல் நீட்டினார். சில ஆண்டுகள் டிஜேக்களின் கைகளுக்குள்ளேயே சுற்றியது. 1982-இல் முறையாகக் கடைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கௌலி இறந்துபோனார்.

சரி, மல்டிட்ராக் டேப்புகள் இருக்கின்றனவே, அவற்றைத் திறக்க என்ன தடை? முதல் தடை, இருக்கின்றனவா என்பதே. இரண்டு அங்குல டேப் விலை கூடியது, பழைய பதிவை அழித்து மேலே புதிதாகப் பதிவு செய்வது அன்று சாதாரணம். 2,500 அடி ரீல் ஒன்று, விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடினால் 16 நிமிடம் 40 விநாடிதான் தாங்கும். ஒரு ஆல்பத்துக்கு எத்தனை ரீல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதற்கெல்லாம் வாடகைக் கிடங்கு. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் கோமாளித்தனத்தால் மட்டும் டிஸ்கோ சாகவில்லை. ஆனால் அடுத்த ஆண்டுகளில் நிறுவனங்கள் அந்தப் பெயரையே ஒதுக்கின. யாரும் கேட்காத இசையின் டேப்புக்கு யார் வாடகை கட்டுவார்கள்?

அப்புறம் தீ. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட் யுனிவர்சல் வளாகத்தில் பிடித்த தீயில் மாஸ்டர் டேப் கிடங்கு ஒன்றும் எரிந்தது. அதன் முழு அளவு வெளியே பேசப்பட்டதே 2019-இல், ஒரு பத்திரிகைக் கட்டுரையால். லட்சத்துக்கு மேல் டேப்புகள் என்றது கட்டுரை, அவ்வளவு இல்லை என்றது நிறுவனம். எண்ணிக்கைச் சண்டை எப்படியிருந்தாலும், பத்து ஆண்டுகளுக்கு மேலாக நாம் 'என்றாவது வெளிவரும்' என்று பேசிக்கொண்டிருந்தவற்றில் சில அப்போதே சாம்பலாகி இருந்தன என்பதுதான் எனக்கு உறுத்தியது.

சிக்மாவின் கதை கொஞ்சம் ஆறுதல். ஸ்டுடியோவில் தேங்கியிருந்த ஆயிரக்கணக்கான டேப்புகள் அதே ஊரின் டிரெக்செல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. இசைத் தொழில் படிக்கும் மாணவர்கள் அவற்றைப் பட்டியல் போட்டு எண்ணியலாக்குகிறார்கள். நல்ல இடம். ஆனால் டேப் கையில் இருப்பது வேறு, அதை வெளியிடும் உரிமை வேறு.

டேப் தப்பிப் பிழைத்தாலும் அப்படியே போட்டு ஓட்ட முடியாது. எழுபதுகளின் நடுவிலிருந்து செய்த சில வகை டேப்புகளில், காந்தத் துகளை ஒட்டிப் பிடிக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் கிறீச்சிடும், துகள் உரிந்து ஓட்டும் இயந்திரத்தின் தலையில் அப்பிக்கொள்ளும், உரிந்தது உரிந்ததுதான். அதனால் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்காக வைத்து ஈரத்தை இழுத்துவிட்டு, சில வாரங்களுக்குள் எண்ணியலாக்கிவிட வேண்டும். இந்த வேலைக்கு ஆள், இயந்திரம், பணம் வேண்டும். அதற்கு மேல் மிக்ஸிங் செலவு, வாத்தியக்காரர் சங்கத்துக்கான தொகை, உரிமைதாரர் சம்மதம், பாடகரோ அவர் வாரிசுகளோ முகம் சுளித்தால் அதுவும். இத்தனைக்குப் பிறகு வாங்கப்போவது என்னைப் போன்ற சில ஆயிரம் பேர். பழைய ஆல்பங்களைப் பொறுக்கி எடுத்து வெளியிடும் சிறு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் கையில் வருவது மிக்ஸ் செய்து முடித்த ஸ்டீரியோ மாஸ்டர் டேப் மட்டும்தான். ஃபேட் அதிலேயே பதிந்திருக்கிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை.

மல்டிட்ராக் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1977-இல் 'ஃபிலடெல்ஃபியா கிளாசிக்ஸ்' என்ற இரட்டை ஆல்பத்துக்காக மோல்டன் பழைய ஃபிலடெல்ஃபியா பாட்டுகளை மறுமிக்ஸ் செய்தார். அதில் எம்எஃப்எஸ்பியின் 'லவ் இஸ் த மெஸேஜ்' 11 நிமிடத்தைத் தாண்டும். நியூயார்க் கிளப்களின் தேசிய கீதம் என்று சொல்வார்கள், மிகையில்லை. 35 ஆண்டு கழித்து 2012-இல், எழுபதைத் தாண்டிய வயதில், அதே மோல்டன் அதே நிறுவனத்தின் மல்டிட்ராக்குகளைத் திறந்து நான்கு சிடி கொண்ட தொகுப்பு ஒன்று கொடுத்தார். ரசிகர்கள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. ஃபேடுக்குப் பிறகு வரும் பாட்டு, தனியாக நிற்கும் தாளம், முன்பு கேட்காத வயலின் வரி. நான் மகிழ்ந்து மகிழ்ந்து கேட்டேன். ஆனாலும் 1977-இன் காற்று அதில் இல்லை. அன்றைய மேஜை, அன்றைய எதிரொலித் தகடு, தட்டில் இடம் பற்றாது என்ற நெருக்கடி எதுவும் இல்லை. நேரத்துக்குத் தடையே இல்லாதபோது மோல்டனுக்கே எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லையோ என்று சில பாட்டுகளில் தோன்றியது. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள்.

இப்போது கணினி மென்பொருளே ஒரு பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ் என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறது, வீட்டிலேயே நீட்டிக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். நீட்டலாம், விருந்தில் ஆடவும் ஆடலாம். ஆனால் தட்டில் இருப்பதைத்தான் அது பிரிக்கும். ஃபேடுக்குப் பிறகு டெடி பெண்டர்கிராஸ் என்ன பாடினார் என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அதை ஊகித்துப் பாடவைக்கும் மென்பொருளும் வந்துகொண்டிருக்கிறது. அதை நான் கேட்கப் போவதில்லை.

வெளியீட்டுக்கு ஒரு உந்துதல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது, சட்டத்திலிருந்து. ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் கொண்டுவந்த விதிப்படி, வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 70 ஆண்டு பாதுகாப்பு. பதிவு செய்து 50 ஆண்டுக்குள் வெளியிடாமலே வைத்திருந்தால் அங்கே உரிமை போய்விடும். அதனால்தான் பாப் டிலனின் பழைய பதிவுகள் 2012-இல் நூறு பிரதி மட்டும் அச்சாகி ஓசையில்லாமல் கடைக்கு வந்தன. மோட்டவுன் நிறுவனமும் 1962-இல் தொடங்கி ஆண்டு வாரியாக, வெளிவராத பதிவுகளை டிஜிட்டலில் கொட்டியது. ரசிகர் மேல் இருந்த அன்பால் அல்ல, கெடு நெருங்கியதால். 1975-இல் பதிவாகி வெளிவராதவற்றுக்கு 2025 டிசம்பர் கடைசி கெடு, 1976-க்கு 2026, 1977-க்கு 2027. டிஸ்கோவின் பொற்காலத்துக்குள் அந்த முள் இப்படி ஆண்டு ஆண்டாக நகர்கிறது. வெளிவந்த பாட்டு ஒன்றின் வெளிவராத மிக்ஸுக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். அவசரப்படுத்த எது இருந்தாலும் எனக்குச் சரி.

என்னைக் கேட்டால் புதிய மிக்ஸ்கூட வேண்டாம். மேலே டிரம்ஸ் சேர்ப்பது, பேஸை இன்றைய காதுக்கு ஏற்றபடி ஊதுவது எல்லாம் கண்டிப்பாக வேண்டாம். எல்லாத் தடங்களையும் நேராகத் திறந்து, எண்ணிக்கை சொல்லி ஆரம்பிக்கும் இடத்திலிருந்து டேப் நிற்கும் வரை அப்படியே ஓடவிட்ட ஒரு கச்சா வடிவம் போதும். தாளம் தப்பினால் தப்பட்டும், வயலின் இல்லாவிட்டால் போகட்டும். அட்டையில் இது எந்த ஆண்டு பதிவு, எந்த ஆண்டு யார் டேப்பிலிருந்து இறக்கினார்கள் என்பதை மட்டும் தெளிவாகப் போட்டால் போதும். முதலில் 'ஹிட் அண்ட் ரன்'. லொலியாட்டா ஹாலோவே அன்று மைக் முன்னால் மொத்தம் எவ்வளவு நேரம் பாடினார், அதில் கிப்பன்ஸ் எதை எல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விலை எவ்வளவு என்றாலும் வாங்கிவிடுவேன், வீட்டில் சொல்லாமல்.